பாலாற்றுப் பாலத்தில் நின்ற வண்டி

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் நெசவாளர் சங்கத்தில் கையெழுத்துப் போடுவதற்குத்தான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். படிக்கிறவர்கள் பிழையை மனதுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், அப்படியும் வரி சாய்ந்து கீழே இறங்குகிறது. மன்னிக்கவும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் வண்டி. காயலான் கடைக்குப் போட வேண்டிய வண்டியை ஏன் ரிப்பேர் செய்தாய் என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒருவர் எதிரில் நின்று நாலு வார்த்தை சேர்த்துப் பேச எனக்கு வராது. என் அப்பாவும் அப்படித்தான். தறியில் உட்கார்ந்தால் சத்தம் தறிதான் போடும். அதனால் பதிலை எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அது ஒரு சின்ன டீசல் கார், நான் வாங்கும்போதே பழசு. முகூர்த்த மாதங்களில் வெளியூர்க்காரர்கள் கல்யாணப் புடவை எடுக்க வருவார்கள், அவர்களைக் கடைக்கும் கோயிலுக்கும் கொண்டுபோய் விடலாம், நெசவோடு இதுவும் நடக்கட்டும் என்று வாங்கினேன். ரயில் நிலைய வாசலில் மற்றவர்கள் கையைத் தட்டிச் சவாரி கூப்பிடுவார்கள். நான் வண்டிக்குப் பின்பக்கம் போய் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "வாயத் தொறக்காம சவாரி புடிக்கிற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று என் மனைவி சொன்னாள். சீக்கிரமே அந்த யோசனையை விட்டுவிட்டேன். வண்டி வாசலில் வேப்ப இலை கொட்டிக் கிடந்தது.

அதற்கு வேலை வந்தது அம்மாவால்.

அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு அப்பா செத்துப்போனதை மறந்தாள். பிறகு இந்த வீட்டை மறந்தாள். பகலெல்லாம் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் எழுந்துவிடுவாள். ஆணியில் மாட்டியிருக்கும் ஒயர் கூடையை எடுத்து, ஒரு ரவிக்கையையும் சீப்பையும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள்.

"என்னை எங்க வூட்டுல வுட்டுடுங்கமா" என்பாள் என் மனைவியிடம்.

"இதுதான் அத்தே உங்க வூடு. நானு உங்க மருமவ."

"வெளாடாதம்மா. இருட்டிக்கினு வருது. எங்கம்மா தேடும்."

இதுதான் உன் வீடு என்று சொன்னால் அழுவாள். சத்தம் போட்டு அழமாட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அழுவாள். எழுபது வயதைத் தாண்டியவள் அப்படி அழுவதைப் பார்த்துக்கொண்டு தறியில் உட்கார முடியாது.

அம்மா பிறந்த ஊர் முசரவாக்கம். ஒருநாள் வண்டியில் ஏற்றி அங்கேயே கூட்டிப்போனேன். அவள் பிறந்த வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள். அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "இது இல்ல, போ" என்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி எங்கள் தெருவுக்கே வந்து, வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். அம்மா வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "வந்துட்டோம்" என்று இறங்கி, கூடையோடு உள்ளே போய், கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். விளக்கு வைத்ததும் அம்மா கூடையோடு வருவாள், நான் தறியை விட்டு எழுந்து வண்டியை எடுப்பேன். ஓரிக்கை வழியாகப் பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவோம். முசரவாக்கம் அந்தத் திசையே இல்லை. அம்மாவுக்கு அது பொருட்டில்லை. கிளம்பி, கொஞ்ச தூரம் போய், ஒரு வாசலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். "உங்கம்மா தலதீபாவளிக்குப் போற பொண்ணு மாதிரி ரெடியா நிக்கிறாங்க, சீக்கிரம் வாங்க" என்று என் மனைவி குரல் கொடுப்பாள்.

வண்டியில் ஏறியதும் அம்மா என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாள். என் மாமா என்று நினைத்துத்தான். கல்யாணமான முதல் வருஷம் ஆடி மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவை அழைக்க மாமா சைக்கிளில் வந்தாராம், பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டே போனாராம். மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் தினம் சாயங்காலம் அவர் வந்து அம்மாவை அழைத்துப்போனார்.

"அண்ணா, மாடு கன்னு போட்டுதா?"

"ம்."

"கெடேரியா?"

"ம்."

மாமாவும் அதிகம் பேசாதவர். அதனால் என் 'ம்' அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என் பேசாத குணம் ஒருவருக்குச் சரியாகப் பொருந்தியது வாழ்க்கையில் அப்போதுதான்.

பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மா அண்ணனிடம் சொன்னவை எதையும் மகனாக நான் கேட்டதில்லை. மாமியார் கோழி கூவுவதற்கு முன்பே எழுப்பிவிடுவதைச் சொன்னாள். எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தால்தான் தட்டு வைப்பார்கள் என்றாள். ஒருநாள், "அவுரு ஒரு வார்த்த பேசமாட்றாருண்ணா. நல்லாருக்கியான்னு கூடக் கேக்கமாட்றாரு. செவுத்துக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?" என்றாள். அவர் என் அப்பா. நான் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பாலம் நெருங்கும்போது அம்மா தவறாமல் ஒன்றைக் கேட்பாள். ஆற்று மணலைப் பார்த்தால் அது நினைவுக்கு வருமோ என்னவோ.

"அண்ணா, ஆடி முடிஞ்சா திருப்பி அனுப்பிடுவியா?"

அதற்கு 'ம்' சொல்ல முடியாது. சும்மா இருப்பேன். மாமா அந்த வருஷம் அனுப்பித்தான் வைத்தார். அனுப்பாமல் இருந்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன். நான் பாலத்தில் வண்டியைத் திருப்பி, அம்மா எந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாளோ அந்த வீட்டுக்கே அவளைக் கொண்டுவருவேன். அவள் "வந்துட்டோம்" என்று சந்தோஷமாக இறங்குவாள்.

வைகாசியில் ஒரு சாயங்காலம், பாலத்தின் மேல், அம்மா அதைக் கேட்டு முடித்தபோது முன்பக்கம் தட்டென்று ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் நின்றது. பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணம் எனக்கு நிம்மதிகூட வந்தது. வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். எப்போதும் முக்கிக்கொண்டு சுற்றும் எஞ்சின் அன்று காற்றாடி மாதிரி லேசாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. தறியில் இழை அறுந்தால் நாங்கள் மிதியை மெதுவாக மிதித்து, நிறுத்தி, மறுபடி மிதித்துப் பார்ப்போம். எந்த இடம் என்று தெரிந்துவிடும். கை அந்தப் பழக்கத்துக்கே போனது. சாவியைக் கொஞ்சம் திருப்பினேன், காது கொடுத்துக் கேட்டேன், மறுபடி திருப்பினேன். உள்ளே எதுவோ நறநறவென்றது.

"இன்னாண்ணா, செயின் கழண்டுக்கிச்சா?" என்றாள் அம்மா. சைக்கிள் நினைப்பு.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். நெரிசலில் அம்மா கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வாசலில் இறங்கியதும் வீட்டைப் பார்த்தாள், ஓரடி பின்வாங்கினாள்.

"இது அவங்க வூடு. நான் வரமாட்டேன்."

அதே வீடு, அதே வாசல். வண்டியில் வந்து இறங்கினால் தாய்வீடு, ஆட்டோவில் வந்து இறங்கினால் மாமியார் வீடு. எதனால் அப்படி என்று எனக்குப் புரியவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் என் மனைவி வெளியே வந்து, "நீங்க யாரோ எவரோ, பொழுது போயிடுச்சு. ராத்திரிக்கு எங்க வூட்டுல தங்கிட்டுக் காலைல போங்கமா" என்றாள். அம்மா அந்நிய வீட்டுக்குள் நுழைகிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தாள். சாப்பிடவில்லை.

வண்டியை ஐயம்பேட்டை ரோட்டில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனோம். என்னைவிட இளையவர், எல்லாரையும் கிண்டல் செய்கிறவர். கழற்றிப் பார்த்துவிட்டு அறுந்துபோன கறுப்பு வாரை என் கையில் கொடுத்தார்.

"டைமிங் பெல்ட்டுணா. இத எப்ப மாத்துன?"

"மாத்தணுமா?"

"சரியாப் போச்சு. நின்ன வண்டியத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்ணியா?"

"எங்க அறுந்துச்சுன்னு பாக்கலாம்னு..."

"அண்ணா, இது தறி இல்லண்ணா!" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "வுடு. அறுந்த அப்பவே வால்வு வளைஞ்சிருக்கும். நீ பண்ணது அதுக்கு மேல கொஞ்சம்."

எஞ்சினில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நடக்க இந்த வார்தான் கணக்கு என்று சொன்னார். அது எனக்குப் புரிந்தது. தறியிலும் நீளவாட்டப் பாவு இழைகள் திறந்திருக்கும்போதுதான் ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடா உள்ளே ஓட வேண்டும். நாடா நடுவில் இருக்கும்போதே பாவு மூடிக்கொண்டால் இழை கொத்தாக அறுந்துபோகும். ஒன்றிரண்டு என்றால் முடிச்சுப் போடலாம்.

"இதுல முடிச்சு போட முடியாது. வால்வு இருக்கிற ஹெட்டே வேற போடணும். செலவு வண்டி வெலைய தாண்டும். நான்னா எடைக்குப் போட்டுருவேன். யோசிச்சி சொல்லு."

என் மனைவிக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. தறி இருக்கும் அறையில் மேலே ஓடு உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தோம்.

"தறிக்குழில தண்ணி நின்னா சோறு எங்கருந்து வரும்? வண்டியா தறியா, நீங்களே சொல்லுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாய்ங்காலம் ஆனா வெளக்கு வெக்கவே எனக்கும் பயமா இருக்குது. நான் மட்டும் கல்லா?" என்றாள். உண்மைதான். அம்மா அழும்போது பக்கத்தில் இருப்பவள் அவள்தான்.

ஒருநாள் வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டுகிற பையனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருப்பா நீங்க, என்ன எங்க கூட்டிக்கினு போறீங்க?" என்று பயந்தாள். அண்ணன் என்றால் முன்னால் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் அவளுக்கு யாருமில்லை.

மெக்கானிக் போன் செய்துகொண்டே இருந்தார். "இன்னாணா முடிவு? வண்டி எடத்த அடைச்சிக்கினு இருக்குது." "சொல்றேன்" என்பேன். வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை.

கடைசியில், இன்றைக்கு நேரில் வந்து சொல்லிவிட்டுப் போ என்றார். அன்று என் மனைவி அவள் சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போயிருந்தாள். அம்மாவைத் தனியாக விட முடியாது. கூடவே கூட்டிக்கொண்டு போனேன். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். ஆட்டோவிலேயே இரண்டு மூன்று முறை அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஷெட்டில் வண்டியைக் கண்டதும் அம்மா என் கையை உதறினாள். தானே போய்ப் பின்கதவைத் திறந்து, உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "வாண்ணா, நேரமாவுது" என்றாள். மெக்கானிக் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியும் போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். எஞ்சின் மூடி தூக்கி நின்றதால் எதிரே ஒன்றும் தெரியவில்லை. வெறும் தகரம். எஞ்சினில் பாதி இல்லாத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கன்றுக்குட்டியைக் கேட்டாள். மாமியாரைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, ஆடி முடிஞ்சா திருப்பி அனுப்பிடுவியா?"

பாலம் இல்லை, திருப்ப வண்டியும் ஓடவில்லை. அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அனுப்பமாட்டேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பின்னாலிருந்து அவள் கை வந்து என் தோள்மேல் உட்கார்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "வந்துட்டோம்" என்று இறங்கினாள். அந்த ஷெட்டுதான் அன்றைக்கு அவளுக்குத் தாய்வீடு. ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள். "வா ஆயா, டீ குடிக்கிறியா?" என்று மெக்கானிக் டம்ளரை நீட்டினார். "எங்கம்மாவுக்கு மொதல்ல குடு" என்றாள். அவர் இன்னொரு டம்ளரில் ஊற்றி, காலியாக இருந்த ஸ்டூல்மேல் வைத்தார். அவரை நான் அதுவரை வெறும் வாயாடி என்று நினைத்திருந்தேன்.

இருட்டியது. ஷெட்டைப் பூட்ட வேண்டும். நானும் அம்மாவும் எங்காவது போகத்தானே வேண்டும்? ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நான் அவள் கையைப் பிடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஆட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சீப்பைக் கூடையில் போட்டாள்.

"அப்பவும் சத்தியம் பண்ணிட்டுத்தான் கொண்டாந்து வுட்ட" என்றாள். ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

அன்று என் மனைவி திரும்பி வந்ததும் அதை அவளிடம் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாக எதையும் சொன்னதில்லை. அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த ஈரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "வண்டியவே பண்ணுங்க. ஓட்டுமேல தார்ப்பாய் போட்டுக்கலாம்" என்றாள். காலையில் போன் செய்து, "பண்ணுங்க" என்றேன். "இத சொல்ல இத்தினி நாளாணா?" என்றார் மெக்கானிக்.

பிரித்த வண்டி ஒன்றிலிருந்து ஹெட் கிடைக்க வேண்டும் என்று நாள் தள்ளிப்போனது. அம்மா முதலில் வாசலில் நின்றாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். ஆடி பிறந்து ஒருநாள் என் மனைவி விளக்கு வைத்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. கூடை ஆணியில் இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்த அழுகையை நிறுத்த இத்தனை பாடுபட்டோமோ, அது நின்றுபோனதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அத்தே, உங்கம்மா வூட்டுக்குப் போலாமா?"

"யாரு அம்மா?" என்றாள் அம்மா.

ஆடி முடிவதற்குள் வண்டி வந்தது. மெக்கானிக்கே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். "பெல்ட்டு புதுசுணா. இனிமே எங்கனா நின்னா சாவில கைய வெக்காத, எனக்குப் போன் போடு" என்றார். உள்ளே எட்டிப் பார்த்து, "ஆயா, வண்டி ரெடி" என்றார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். யாரைப் பார்த்தாலும் அப்போது அப்படித்தான் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் கூடையை நான்தான் எடுத்தேன். ரவிக்கையும் சீப்பும் என் மனைவி வைத்தாள். அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓரிக்கை ரோட்டில் போனேன். வண்டி முன்பைவிட நன்றாக ஓடியது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. பாலம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். மணல் தெரியட்டும் என்று ஓரமாக நிறுத்தியே விட்டேன். அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமலே, "அனுப்பமாட்டேம்மா" என்றேன். கூடையின் பிடியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து வாசலில் கதவைத் திறந்தேன். யாராவது சொன்னால் இறங்கலாம் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டோம்மா" என்றேன்.

அம்மா வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

வீண் செலவு என்று சொல்கிறவர்களுக்கு இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீணாகவும் இருக்கலாம். தறியறையில் தார்ப்பாய்மேல் மழை விழும்போது என் மனைவி எழுந்துபோய்த் தறிக்குழியைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாள். நாங்கள் இப்போதும் தினம் பாலம் வரை போகிறோம். வண்டியில் இப்போது நான்தான் பேசுகிறேன். மாடு கன்று போட்டுவிட்டது, கிடேரி, உன் அம்மா உனக்காகச் சோறு எடுத்து வைத்திருக்கிறாள் என்றெல்லாம் சொல்வேன். நல்லா இருக்கியா என்றும் கேட்பேன். சில நாள் 'ம்' என்கிறாள். சில நாள் அதுவும் இல்லை.

ஆவணி ஏழாம் தேதி, காஞ்சிபுரம்.